பேலன்ஸ் டேலி ஆயிடுச்சு, கணக்குதான் தப்பு!

"வீட்டையும் பார்த்துக்கிட்டு, பிள்ளையையும் ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டிலேயே படிக்க வெச்சுக்கிட்டு, சாயந்திரம் டியூஷனும் எடுத்துக்கிட்டு... எப்படித்தான் பேலன்ஸ் பண்றாளோ!"

கேட்டால் பாராட்டு மாதிரித்தான் இருக்கும். சொல்கிறவர் பெரும்பாலும் மாமியாரின் தங்கை. அல்லது ஆறே முக்காலுக்கு வந்து பையனைக் கூட்டிப் போக வேண்டியவர், ஏழே முக்காலுக்கு வந்து வாசலில் நின்றபடி சொல்வார். சொல்லிவிட்டு "அடுத்த மாசம் சேர்த்துத் தரேன் மிஸ்" என்பார். பாராட்டுக்கும் பாக்கிக்கும் நடுவில் ஒரு நிமிஷம்கூட இருக்காது.

பேலன்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் காமர்ஸ் படிக்கிற எவனுக்கும் எவளுக்கும் காது கொஞ்சம் நீளணும். பதினொன்றாம் வகுப்பு கணக்குப்பதிவியலில் இருப்பாய்வு என்று ஒரு பாடம் வரும். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சமமாக வந்துவிட்டால் வகுப்பே பெருமூச்சு விடும். அப்போதுதான் வாத்தியார் குண்டு போடுவார்: "டேலி ஆயிடுச்சுங்கிறதுக்காக கணக்கு சரின்னு அர்த்தமில்லடா." ஏன் என்றால், ஒரு நடவடிக்கையை இரண்டு பக்கமும் எழுதாமல் முழுசாக விட்டுவிட்டால் இருப்பாய்வு அதைக் காட்டாது. அதற்குப் பேர் முழு விடு பிழை. ஐந்து மார்க் கேள்வி. எல்லாரும் மனப்பாடம் பண்ணி எழுதி, மார்க் வாங்கி, அன்று சாயந்திரமே மறந்தும் விட்டோம்.

தமிழ்நாட்டில் வீட்டில் டியூஷன் எடுக்கும் அக்காக்களின் வீட்டுக் கணக்கு அப்படித்தான் டேலி ஆகிறது. அவர் உழைப்பைச் செலவுப் பக்கம் எழுதுவதில்லை, வரவுப் பக்கமும் எழுதுவதில்லை. அப்புறம் டேலி ஆகாமல் என்ன செய்யும்?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனை வீடுதான், ஆனால் உங்கள் தெருவில் தேடினால் கிடைக்கும். திருச்சி உறையூர்ப் பக்கம் மாடி போர்ஷன். அக்கா எம்.எஸ்ஸி. மேத்ஸ், பி.எட். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். கணவருக்குத் தனியார் கம்பெனி. ஒன்பது வயதில் ஒரு பையன். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, எழுத்து மெதுவாக வருகிறது என்று தினமும் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். ஒரு கட்டத்தில் பையன் காலையில் பையைப் பார்த்தாலே வாந்தி எடுக்க ஆரம்பித்தான். பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக் கொடுப்பது என்று முடிவானது. "முடிவானது" என்று எழுதுவது சுலபம். முடிவு எடுத்தது இரண்டு பேர், சொல்லிக் கொடுப்பது ஒருவர்.

வீட்டுக்கல்வி என்றதும் அது பெங்களூர், புனே பக்கம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். கொரோனாவை மறந்துவிட்டார்கள். 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரைக்கும் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் மறுபடி திறந்தது. அத்தனை மாதமும் எல்லா வீடும் அரைகுறை ஹோம்ஸ்கூல்தான். போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்று ஒவ்வொருவரும் அவரவர் வீட்டை நினைத்துப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ம் வருஷ கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. அதன் 10-வது பிரிவு, பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. அதனால் வீட்டுக்கல்வி வெளிச்சத்திலும் இல்லாமல் இருட்டிலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ்., 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சேர்த்துக்கொள்கிறது. ஆக வழி இருக்கிறது. அதுவரை அந்த வழியில் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கிருந்து வருவார், அவருடைய நேரத்துக்கு என்ன விலை என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். கணக்குப் போடுவோம்.

சாயந்திரம் அஞ்சு மணியிலிருந்து ஏழரை வரை டியூஷன். மூணாங்கிளாஸிலிருந்து எட்டு வரை கலந்துகட்டிப் பன்னிரண்டு பிள்ளைகள். தலைக்கு 500 என்றால் 6,000 வரணும். அண்ணன் தம்பி சேர்ந்து வருகிறார்கள் என்று ஒரு வீட்டுக்குத் தள்ளுபடி, ஒருத்தர் இந்த மாசம் பாதி. கைக்கு வருவது 5,500. இரண்டு ஃபேன், டியூப்லைட், ஜெராக்ஸ், மார்க்கர், கூடுதலாக வாங்கும் தண்ணி கேன் எல்லாம் ஒரு 800. மிச்சம் 4,700.

இப்போது நேரம். இரண்டரை மணி, மாசம் 24 நாள், 60 மணி. நாளைக்குக் கேள்வி எழுதி வைக்க, நோட்டுத் திருத்த தினம் அரை மணி என்றால் 12. பரீட்சை நேரத்து ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் 6. ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் "மிஸ், அந்த நாலாவது சம் மட்டும்" என்று வருகிற போட்டோக்களுக்கு ஒரு 4. மொத்தம் 82 மணி. 4,700-ஐ 82-ஆல் வகுத்தால் 57 ரூபாய் சொச்சம்.

எம்.எஸ்ஸி., பி.எட்., மணிக்கு 57 ரூபாய். அதுவும் ஹாலுக்கு வாடகை போடாமல். ("சொந்த வீட்டு ஹாலுக்கு யாராவது வாடகை போடுவாங்களா?" என்று கேட்கும் காமர்ஸ் மாணவர்கள் காஸ்டிங் பேப்பரை மறுபடி எழுதவும். :-)

இது டியூஷன் கணக்கு மட்டும்தான். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை பையனுக்கு மூன்று மணி நேரப் பாடம். மாசம் 24 நாளுக்கு 72 மணி. வீட்டுக்கு வந்து ஒரே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வெளியிலிருந்து ஒருவரை வைத்தால் மணிக்கு 150 கொடுக்கிறோம் என்று குறைத்தே வைத்தாலும் 10,800. இந்தப் பத்தாயிரத்து எண்ணூறு எந்த நோட்டிலும் இல்லை. கணவர் நண்பர்களிடம் சொல்லும்போது "ஸ்கூல் ஃபீஸ் மிச்சம்பா" என்பார். மிச்சமாம்! ஒருவர் கொடுத்ததைத்தான் இன்னொருவர் மிச்சம் என்று சொல்கிறார்.

ஆர்தர் பிகு என்ற பொருளாதார அறிஞர் 1920-லேயே இதைத் தொட்டார். ஒருவன் சம்பளத்துக்கு வைத்திருந்த வீட்டு வேலைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்று சொன்னார். வேலை அதேதான், சம்பளம் நின்றுவிட்டதால் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். நூறு வருஷம் தாண்டியும் வகுப்பில் இதை ஜோக்காகத்தான் சொல்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம்.

ஜோக் இல்லை என்பதற்கு இந்திய அரசின் புள்ளிவிவரமே போதும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிஷம். 2019-ல் இதுவே 299-ம் 97-ம். பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்ததே என்று சந்தோஷப்படுவதற்குள் பார்த்தால் ஆண்களும் ஒன்பது நிமிஷத்தைக் குறைத்துவிட்டார்கள்! இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இது அந்த வேலையில் இறங்கியவர்களின் சராசரி மட்டுமே. சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண் இந்த 88-க்குள் வரமாட்டார். அவரையும் சேர்த்தால் எவ்வளவு கீழே போகும் என்று புள்ளியியல் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் கோர்ட்டும் இந்த விஷயத்தில் வந்த பாதை இன்னும் விசேஷம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகள் வரிசையில் 'உழைக்காதவர்' கணக்கில் சேர்த்திருந்தார்கள். 2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் அதைக் கண்டித்தது. அதற்கு முன்னால், 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த ஓர் அட்டவணை, சம்பாதிக்காத மனைவி விபத்தில் செத்தால் அவர் வருமானத்தைக் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளச் சொன்னது. அதாவது லாரி மோதினால்தான் மதிப்பு. உயிரோடு குக்கர் வைக்கும்வரை பூஜ்யம். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று விரிவாகப் பேசியது. அதுவும் விபத்து வழக்குதான். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கொஞ்சம் துணிந்தது. கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு, அவர் பார்த்துக்கொண்டதால்தான் அவனால் சம்பாதிக்க முடிந்தது என்றது. இந்தத் தீர்ப்பைப் பற்றி எத்தனை வீட்டில் பேசினார்கள்? அதே மாதத்தில் வந்த சினிமா ஒவ்வொன்றையும் பற்றி மட்டும் பேசியிருப்பார்கள்.

மாநில அரசும் இதில் உண்டு. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க, சாயந்திரம் அஞ்சிலிருந்து ஏழு மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அந்தத் திட்டம் பல பிள்ளைகளுக்கு உதவியது, அதில் சண்டை இல்லை. ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். ஒன்றரை மணி வீதம் மாதம் 20 நாள் என்று வைத்தால் 30 மணி. மணிக்கு 33 ரூபாய். உறையூர் அக்காவின் 57 இதைவிட உசத்தி என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். தன்னார்வலர் என்ற பெயரைக் கொடுத்துவிட்டால் சம்பளம் என்ற வார்த்தை வராது. அரசுக்கே அந்த ரகசியம் தெரியும்போது, வாசலில் நிற்கும் பெற்றோருக்குத் தெரியாதா? 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் அதே 1,000 ரூபாய்தான். ஆனால் அதில் 'உதவி' என்று போடாமல் 'உரிமை' என்று போட்டார்கள். தொகை சின்னதுதான், வார்த்தை சரி.

இப்போது எல்லாவற்றிலும் பெரிய பொய்க்கு வரலாம். "டியூஷன் பசங்களோட அவனும் ஒரு ஓரமா உட்கார்ந்து படிச்சுப்பான்." ஹோம்ஸ்கூலும் டியூஷனும் ஒன்றாகச் செய்யும் வீட்டில் இதைச் சொல்லாத உறவினர் இல்லை. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஒரே ஃபேன், ஒரே பாய், ஒரே மிஸ்.

டியூஷன் பிள்ளை எதற்கு வருகிறது? நாளைக்கு டெஸ்ட். இன்றைக்கு ஹோம்வொர்க். பள்ளி எந்த வேகத்தில் ஓடுகிறதோ அந்த வேகத்தில் ஓட வைக்கத்தான் 500 ரூபாய். உள்ளே உட்கார்ந்திருக்கும் அக்கா பையனை எதற்குப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள்? அதே வேகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று. காலையில் அவசரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாயந்திரம் அதே அவசரத்தின் நடுவில் பாய் போட்டு உட்கார வைத்தால் அவன் என்ன கற்றுக்கொள்வான்? தன்னைவிடச் சின்னவன் வாய்ப்பாட்டை ஒப்பிப்பதைக் கற்றுக்கொள்வான். அம்மா தன்னிடம் பேசுகிற குரலுக்கும், காசு கொடுக்கும் பிள்ளைகளிடம் பேசுகிற குரலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் கற்றுக்கொள்வான்.

காஸ்டிங்கில் ஜாயின்ட் புராடக்ட் வேறு, பை-புராடக்ட் வேறு. இரண்டு சரக்கும் முக்கியம் என்று ஒரே செலவில் செய்தால் ஜாயின்ட் புராடக்ட். ஒன்றைச் செய்யும்போது தவிடு மாதிரி தானாக விழுவது பை-புராடக்ட். "அவனும் ஓரமா படிச்சுப்பான்" என்கிறவர்கள் பையனைத் தவிட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள். வார்த்தை கடுமையாக இருந்தால் இருக்கட்டும். பெரும்பாலும் அந்தப் பேச்சைக் கேட்டு ஒத்துக்கொள்ளவும் வேண்டிய நிலையில்தான் அக்கா இருக்கிறார். ஏனென்றால் சாயந்திரம் அந்த இரண்டரை மணிக்குப் பையனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அப்பா வந்து சேர ஏழு ஆகும். வந்தாலும் ஹாலில் பிள்ளைகள் இருப்பதால் டிவி போட முடியவில்லை என்ற வருத்தம் அவருக்கு. பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டே குக்கர் விசில் எண்ண வேண்டும். மூன்றா நாலா என்று சந்தேகம் வந்தால் முன் வரிசைப் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாம், அதுங்க கரெக்டாகச் சொல்லும்.

காலை நேரமாவது அவனுக்குக் கிடைக்கிறதா என்றால், அதற்கும் காலிங் பெல் இருக்கிறது. "வீட்டிலதானே இருக்கீங்க, கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வெச்சிடுங்களேன்." "சும்மாதானே இருக்க, அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடேன்." ஆபீஸ் போகிற பெண்ணிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை, அவருக்கு ஆபீஸ் என்று ஒரு கதவு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கும்போது உள்ளே நுழைந்து டீச்சரிடம் சிலிண்டர் வாங்கி வையுங்கள் என்று சொல்ல முடியுமா? இந்த வீட்டில் காலை ஒன்பதரைக்கு நடப்பதும் வகுப்புதான், மாணவன் ஒருத்தன் என்பதுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் முதல் எதிர்ப்பு: "பாசத்துக்குப் பில் போடச் சொல்றீங்களா? பெத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க மணிக்கு 150-ஆ?"

பில் போடச் சொல்லவில்லை, எழுதி வைக்கச் சொல்கிறது இந்தக் கட்டுரை. இரண்டும் வேறு. தேய்மானம் என்று ஒவ்வொரு வருஷமும் எழுதுகிறோமே, அது யாருக்காவது கொடுக்கும் பணமா? ஒரு பைசா வெளியே போவதில்லை. ஆனாலும் எழுதாத கணக்கை ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். எழுதாவிட்டால் லாபம் பொய்யாக ஏறித் தெரியும், அந்த லாபத்தை எடுத்துச் சாப்பிட்டுவிடுவோம், ஒருநாள் மெஷின் நிற்கும்போது மாற்றக் காசு இருக்காது. டியூஷன் அக்காவின் தொண்டையும் முதுகும் மெஷின் இல்லைதான். மெஷினாக இருந்திருந்தால் இந்நேரம் தேய்மானம் எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது எதிர்ப்பு: "இவ்வளவு கஷ்டம்னா பையனைத் திரும்ப ஸ்கூல்ல போட்டுட்டு நிம்மதியா இருக்கலாமே?" இருக்கலாம். அந்த வீட்டுக்கு அது சரியென்றால் செய்யட்டும். பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளும் பிள்ளைகளை வம்பாக வீட்டில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. ஆனால் யாருடைய கஷ்டத்தைக் குறைக்கப் பேசுகிறோம் என்று யோசிக்க வேண்டும். பையன் பள்ளிக்குப் போனாலும் அந்த மூன்று மணி நேரம் அவருக்கு வராது. "காலையிலதான் ஃப்ரீயாச்சே, இன்னொரு பேட்ச் எடுக்கலாமே" என்ற யோசனைதான் அடுத்த வாரமே வரும்.

மூன்றாவது, கணவர்கள் தரப்பு: "நானும் ஹெல்ப் பண்றேன்ல." ஹெல்ப் என்ற வார்த்தையிலேயே வேலை யாருடையது என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கடையில் பார்ட்னர் யாராவது "நானும் அப்பப்ப வந்து ஹெல்ப் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் பாதி லாபம் கேட்டால் விடுவோமா?

அடுத்து ஃபீஸ். இங்கே அக்காக்களிடமும் ஒரு சண்டை போட்டாக வேண்டும். "அடுத்த தெருவுல 300-க்கு எடுக்குறாங்க, நாம எப்படி 700 கேக்கிறது?" என்ற பயம் நிஜம். அந்த அடுத்த தெரு அக்காவும் இதே பயத்தில்தான் 300-க்கு எடுக்கிறார். தன் நேரம் இலவசம், ஹால் இலவசம் என்று ஒவ்வொருவரும் நினைத்து விலை போட்டால், மார்க்கெட்டில் நிற்கும் விலை கரண்ட் பில்லுக்கும் ஜெராக்ஸுக்கும் மேல் கொஞ்சம்தான் இருக்கும். அடக்க விலை தெரியாமல் விற்கிறவர் தன் கடையை மட்டும் கெடுப்பதில்லை, வரிசையில் இருக்கும் எல்லாக் கடையையும் சேர்த்துக் கெடுக்கிறார். ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுக்கலாம், தாராளமாக. அது தெரிந்து செய்யும் தர்மம். பைக்கில் வந்து இறங்கும் அப்பாவுக்கு அறுபது சதவீதத் தள்ளுபடி கொடுப்பது தர்மத்தில் சேராது.

பன்னிரண்டு பேருக்கு 500 வாங்கினாலும் எட்டுப் பேருக்கு 750 வாங்கினாலும் 6,000-தான். நாலு பேர் குறைந்தால் தொண்டை மிச்சம், திருத்தும் நோட்டு மிச்சம், ஒவ்வொரு பிள்ளைக்கும் கவனம் அதிகம். இதைச் சொன்னால் "நாலு பேரை எப்படி வேண்டாம்னு சொல்றது, எல்லாம் தெரிஞ்சவங்க" என்ற பதில் வரும். தெரிஞ்சவர்கள்தான் ஏப்ரல் மாதம் பரீட்சை முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள், கடைசி மாசப் பணத்தோடு. ஜூனில் அவர்களே "என்ன மிஸ், ஃபீஸ் ஏத்திட்டீங்களாமே" என்று வருவார்கள்.

மாதம் முதல் தேதி முன்பணம் என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் ஒட்டினால் என்ன ஆகும்? இரண்டு பேர் முணுமுணுப்பார்கள். ஒருவர் நிறுத்துவார். மற்றவர்கள் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் வேன்காரருக்கும் முன்கூட்டியே கொடுத்துப் பழகியவர்கள்தானே.

இன்னொரு சின்ன விஷயம், உண்மையில் சின்னது இல்லை. அந்த 5,500 ரூபாய் எந்த அக்கவுன்டுக்குப் போகிறது? பல வீடுகளில் ஜிபே நம்பர் கணவருடையது. ஹால் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடும் அவருடையதுதான், "எல்லாம் ஒண்ணுதானே" என்று. எல்லாம் ஒன்று என்றால் அக்காவின் அக்கவுன்டில் போட்டாலும் ஒன்றுதானே? ஆனால் அப்படி நடப்பதில்லை. மளிகைக்கும் பாலுக்கும் போய்விடுகிற அந்தப் பணத்துக்கு வருஷக் கடைசியில் ஒரு தடமும் இருக்காது. தனியாள் வணிகத்தில் முதலாளி வீட்டுச் செலவுக்கு எடுப்பதை எடுப்பு என்று தனியாக எழுதி முதலில் கழிப்போம். இங்கே முதலாளி அவர், எடுப்பது எல்லாரும். பத்து வருஷம் பாடம் நடத்திய பிறகு ஒரு வங்கியில் லோன் கேட்கப் போனால் "மேடம், வருமானத்துக்கு ஆதாரம்?" என்பார்கள். என்ன காட்டுவார்? சுவரில் இருக்கும் கணவரின் க்யூஆர் கோடையா?

சட்டப்படி அவர் கோச்சிங் சென்டரும் இல்லை. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட கோச்சிங் சென்டர் வழிகாட்டு நெறிமுறை 50 மாணவர்களுக்கு மேல் இருந்தால்தான் பேசுகிறது. சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு வருஷம் 20 லட்சம் வரவைத் தாண்டினால்தான். (உறையூர் அக்கா அதை எட்டக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆகும்.) பேப்பர் தொல்லை இல்லை என்பது நல்லதுதான். ஆனால் எந்தப் பேப்பரிலும் இல்லாதவருக்கு, தானாக ஒரு நோட்டு வைத்துக்கொள்வது இன்னும் அவசியம். நாற்பது பக்க நோட்டு போதும். வரவு, செலவு, நேரம் என்று மூன்று பத்தி. நேரப் பத்தியைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்.

அந்த நோட்டை எழுத ஆரம்பித்தால் முதல் மாதமே வீட்டில் சண்டை வரும். வரட்டும். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை காலிங் பெல்லுக்கு யார் போவது, சாயந்திரம் அஞ்சிலிருந்து ஏழரை வரை அடுப்படி யாருடையது, அந்த நேரத்தில் பையன் யாரோடு இருப்பான் என்று மூன்று கேள்விக்கும் பெயர் எழுதி வைக்காமல் பேலன்ஸ் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. கணவருக்கு ஏழு மணிக்கு முன்னால் வர முடியாதா? சரி, அப்படியானால் ராத்திரிச் சமையல் அவருடையது, டிபன் எட்டரைக்கு. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் பையனைச் சாயந்திரம் பார்க்குக்கோ நூலகத்துக்கோ கூட்டிப் போகலாம். யாருமே இல்லையா? டியூஷனை வாரம் நாலு நாளாகக் குறைத்துவிட்டு ஃபீஸை அப்படியே வைக்கலாம். ஒன்பது வயதுப் பையனுக்கு இரண்டு சாயந்திரம் அம்மா முழுசாகக் கிடைப்பார்.

படிக்கிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு டியூஷன் மிஸ்ஸின் பாயில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள்தான். அந்த ஹாலில் எத்தனை நாள் உள்ளறைக் கதவிடுக்கில் ஒரு சின்னப் பிள்ளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, "உள்ள போடா" என்று மிஸ் எத்தனை தடவை சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? அன்று ஏழே முக்காலுக்குத்தான் உங்களைக் கூட்டிப் போக வீட்டில் இருந்து ஆள் வந்தார்கள். கடைசி மாச ஃபீஸ் கொடுத்தார்களா என்று இன்றைக்கு வீட்டில் கேட்டுப் பாருங்கள்.